ஆற்று மணலும் வடிகட்டிக் கூடையும்

தாமிரபரணியில் நீரோட்டம் ஒடுங்கும் நாட்களில் படுகை மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் நீரைச் சிரட்டையால் முகந்து எடுப்பது நெல்லைச் சீமையின் பழைய வழக்கம். இன்றும் ஆற்றங்கரைக் குடிநீர்த் திட்டங்கள் பல, ஓடும் நீரை அப்படியே இறைக்காமல், மணலுக்குள் இறக்கிய உறைகிணறுகளில் ஊறிச் சேரும் நீரையே எடுத்துக் குழாய்க்கு அனுப்புகின்றன. அந்த மணல் செய்யும் வேலைகளுள் ஒன்று கண்ணுக்குத் தெரிவது. கலங்கலையும் தூசியையும் அது தடுத்து நிறுத்துகிறது. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதது; ஒவ்வொரு மணல் துகளின் மேலும் படிந்திருக்கும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம், நீரில் கரைந்திருக்கும் கழிவை உண்டு வேறு பொருளாக மாற்றுகிறது. வீட்டு மீன்தொட்டிக்கு வாங்கும் வடிகட்டிக்குள் போடப்படும் உயிரியல் ஊடகங்கள், அதாவது கடைகளில் 'மீடியா' என்ற பெயரில் விற்கப்படும் வளையங்களும் உருண்டைகளும் பஞ்சுகளும், இந்த இரண்டாவது வேலைக்காகவே உள்ளவை.

நீர் தெளிவாக இருப்பதும் நல்ல நீராக இருப்பதும் வேறுவேறு என்பதை இவ்விடத்தில் வலியுறுத்த வேண்டியிருக்கிறது, ஏனெனில் மீன் வளர்ப்போரின் இழப்புகளில் பெரும்பங்கு இந்த வேறுபாட்டை அறியாததால் நேர்வது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்து வைத்தால் கலங்கல் நீர் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் அந்த நீரில் கரைந்திருக்கும் உப்பையோ அம்மோனியாவையோ அந்தக் கொட்டை தொடுவதில்லை. மீன்தொட்டியில் வெண்பஞ்சு செய்வதும் அதே அளவான உதவிதான். பளிங்குபோல் தெளிந்த நீரில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சுத் திணறுவதைக் காணும் வீடுகள் ஏராளம். அங்கே கெட்டிருப்பது கண்ணால் பார்க்க முடியாத ஒன்று.

மீன் தான் உண்ட புரதத்தைச் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. உண்ணப்படாமல் அழுகும் தீனியும் மடிந்த இலைகளும் மேலும் அம்மோனியாவைச் சேர்க்கின்றன. நீரில் இது இரு வடிவங்களில் நிற்கும்: மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை, மின்னேற்றம் இல்லாத அம்மோனியாவோ செவுளைத் தாண்டி எளிதில் உட்புகுந்து கொல்லும். எந்த வடிவம் எவ்வளவு என்பதை நீரின் அமில-கார அளவான பி.எச். மதிப்பும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 30 பாகை செல்சியசில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 7.5 விழுக்காடாகவும், 8.5 ஆனால் 20 விழுக்காடாகவும் உயர்கிறது. இரு வீடுகளில் ஒரே எண்ணிக்கையில் மீன்களும் ஒரே அளவு தீனியும் இருந்தாலும், ஒன்றில் மீன் வாழ்ந்து மற்றொன்றில் மடிவதற்கு இதுவே போதுமான காரணம்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த வேறுபாடு சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே காணக் கிடைக்கிறது. பொதிகை மலையின் பழம்பாறைகள்மீது விழும் மழை, எளிதில் கரையாத அப்பாறைகளிலிருந்து மிகக் குறைந்த உப்பையே ஏற்றுக்கொண்டு பாபநாசத்தில் இறங்குகிறது. அதனால் ஆற்று நீர் மென்மையானது. ஆற்றை விட்டு விலகிய ஆழ்துளைக் கிணறுகளிலோ நீர் பல இடங்களில் கடினமாகவும் காரத்தன்மை மிக்கதாகவும் இருக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை எழுந்ததற்குக் காரணம் அங்கே நிலத்தடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். அத்தகைய பாறையின் வழியே கசியும் நீர் சுண்ணாம்பைச் சுமந்தே வெளிவரும். ஆகவே ஊடகத்தைத் தேர்பவர் கடைப்பலகையைப் பார்ப்பதற்கு முன் தம் வீட்டுக் குழாயில் வருவது ஆற்று நீரா, போர் நீரா, இரண்டும் கலந்ததா என்பதை அறிந்துகொள்வது முறை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று, அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள ஊடகத்தைவிட அதிகமாக உதவும்.

அம்மோனியாவை மாற்றுவது உயிர்களே என்பது தெரியவந்த கதை மணலிலும் சுண்ணாம்பிலும் தொடங்குவது வியப்புக்குரியது. 1877-இல் பிரான்சு நாட்டின் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், மணலும் சுண்ணாம்புத் தூளும் நிரப்பிய நெடிய குழாய் ஒன்றின் வழியே சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினர். முதல் இருபது நாட்களுக்கு உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு அது குறையத் தொடங்கி, அதற்கு ஈடாக நைட்ரேட் தோன்றியது. வேதிவினை மட்டுமே நிகழ்ந்திருந்தால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் நின்றுபோனது. மண் கலந்த நீரைச் சிறிது ஊற்றியபின் அது மீண்டும் தொடங்கியது. உள்ளே குடியேறி வேலை செய்தவை உயிர்கள் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. இன்று புதுத் தொட்டி வைப்பவர்கள் 'சைக்கிளிங்' என்று கூறி நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருப்பது, அந்த இருபது நாள் காத்திருப்பின் மறுபதிப்பே ஆகும்.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு தந்தையும் மகனும் இக்கேள்வியின் இரு முனைகளில் நின்றனர். தந்தை ராபர்ட் வாரிங்டன் லண்டன் வேதியியலாளர். தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் நத்தைகளையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை 1850-இல் எழுதி வெளியிட்டவர். வீட்டு மீன்தொட்டிக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார். அவர் கணக்கில் தாவரம், மீன், நத்தை என மூவர் மட்டுமே இருந்தனர். அதே பெயர் கொண்ட அவர் மகன், ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுகிறது என்பதையும், அப்படிகளை வெவ்வேறு உயிர்கள் நிகழ்த்துகின்றன என்பதையும் காட்டினார். தந்தையின் பாத்திரத்தில் பெயரறியாமல் உழைத்துக்கொண்டிருந்த நான்காமவரை மகன் கண்டறிந்தார் என்று கூறுவது மிகையாகாது. அவ்வுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டும் வேலையை 1890-இல் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி நிறைவேற்றினார்.

அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் இந்த இரு படிகளையே கூறிவந்தன. 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சிச்சாலையில் ஒரு கடல்மீன் தொட்டியின் கூழாங்கற்களிலிருந்து, பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா என்னும் மற்றொரு தொல்லுயிர்க் குழுவும் அம்மோனியாவை மாற்றுகிறது என்பது வெளிப்பட்டது. 2015-இல் இரு படிகளையும் தானே முடிக்கும் ஒருவகை நைட்ரோஸ்பைரா பாக்டீரியா கண்டறியப்பட்டது, அதற்கான மாதிரிகளுள் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. வீட்டு வடிகட்டிக்குள் எந்த இனம் குடியிருக்கிறது என்பதை உரிமையாளர் அறிய வேண்டியதில்லை. அவை அனைத்துக்கும் பொதுவான இயல்புகளை அறிந்தால் போதும். அவை மிக மெதுவாகப் பெருகுபவை. ஆய்வகத்தில் நல்ல உணவு கிடைத்தால் ஈ-கோலி பாக்டீரியா 20 நிமிடங்களில் இரட்டிக்கும். அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாவுக்கு மிகச் சிறந்த சூழலிலும் ஏழெட்டு மணி நேரம் வேண்டும், சாதாரணமாக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஓடும் நீரில் மிதந்தபடி இவ்வளவு மெதுவாகப் பெருகினால் அடித்துச் செல்லப்பட்டுவிடும் என்பதால் அவை எதையேனும் பற்றிக்கொண்டு படலமாக வாழ்கின்றன. ஊடகம் அவற்றுக்கு வீடு. உயிர்வளியும் சுண்ணாம்புச் சத்தும் அவற்றின் அன்றாடத் தேவை.

கேனிஸ்டர் வடிகட்டி என்பது தொட்டிக்கு வெளியே, பெரும்பாலும் தாங்கு மேசையின் அடியில் வைக்கப்படும் மூடிய வாளி. ஜெர்மனியின் எஹைம் நிறுவனம் 1960-களில் பரவலாக்கிய இவ்வமைப்பில், தொட்டி நீர் ஒரு குழாய் வழியே தன் எடையாலேயே கீழிறங்கி, வாளிக்குள் அடுக்கிய கூடைகளைக் கடந்து, மோட்டாரின் உந்துதலால் மேலேறித் தொட்டிக்குத் திரும்புகிறது. கூடைகள் கொண்ட வகைகளில் நீர் பெரும்பாலும் அடிப்பகுதிக்குச் சென்று அங்கிருந்து மேல்நோக்கி ஏறும் என்பதால், கீழ்க்கூடையே முதல் கூடை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அழுக்கைத் தடுக்கும் கரடான பஞ்சு அங்கே இருந்தால்தான் அதன் மேலுள்ள உயிரியல் ஊடகம் சேறு படியாமல் பிழைக்கும். இதைத் தலைகீழாக அடுக்கி, விலையுயர்ந்த வளையங்களைக் கீழேயும் பஞ்சை மேலேயும் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்ப்பவர்கள், வளையங்களின் துளைகளெல்லாம் பழுப்புச் சேற்றால் அடைபட்டிருப்பதையே காண்கின்றனர்.

ஊடகப் பெட்டிகளின் மேல் பெரிதாக அச்சிடப்படும் எண் பரப்பளவு. சுட்டு இறுக்கிய கண்ணாடி உருண்டைகளுக்கும் சில செராமிக் வகைகளுக்கும் லிட்டருக்குச் சில நூறு சதுர மீட்டர் பரப்பு என்று உற்பத்தியாளர்கள் கூறுகின்றனர். 400 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 10 சென்ட் மனை. அத்தனை இடமும் ஒரு லிட்டர் உருண்டைகளுக்குள் மடிந்து கிடக்கிறது என்பது பொய்யன்று, ஆனால் அந்த மனையில் பெரும்பகுதி யாரும் குடியேற முடியாத இடம். பாக்டீரியாவின் உடலளவே ஏறத்தாழ ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வாயுவைக் கொண்டு பரப்பை அளக்கும் கருவி அதைவிடச் சிறிய பள்ளங்களையும் பரப்பாகவே எண்ணிக்கொள்கிறது. பாக்டீரியா நுழையக்கூடிய துளைகளிலும் சிக்கல் உண்டு. வாயிலில் குடியேறும் படலம் தான் சுரக்கும் பசையாலேயே துளையை மூடிவிடுகிறது. அதைத் தாண்டி உள்ளே செல்லும் உயிர்வளியும் அம்மோனியாவும் படலத்தின் மேற்புறமே உறிஞ்சப்பட்டுவிடுவதால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீழே அம்மோனியாவை மாற்றும் வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. எனவே ஒரு வளையத்தில் உண்மையில் உழைப்பது அதன் வெளித்தோலே என்று கொள்வது பிழையாகாது.

தேவை எவ்வளவு என்று கணக்கிட்டால் இந்த எண் போட்டியின் பொருளின்மை இன்னும் தெளிவாகும். மீன் வளர்ப்புப் பொறியாளர்கள் கையாளும் எளிய கணக்கு ஒன்று உண்டு: தீனியின் எடையைப் புரதப் பங்கால் பெருக்கி, அதை மீண்டும் 0.092 ஆல் பெருக்கினால் நாளொன்றுக்கு உண்டாகும் அம்மோனியா நைட்ரஜனின் எடை கிடைக்கும். 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 3 கிராம் தீனி, அதில் 40 விழுக்காடு புரதம் எனில் விடை ஏறத்தாழ 0.11 கிராம். நன்கு நிலைபெற்ற படலத்தின் ஒரு சதுர மீட்டர், மிகக் குறைத்து மதிப்பிட்டாலும், நாளுக்கு 0.1 கிராம் அளவுக்கு மாற்றும் என்று கொண்டால், தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். அங்குலத்துக்கு 20 துளைகள் உள்ள சாதாரணக் கரட்டுப் பஞ்சு ஒரு லிட்டர் அளவில் அந்தப் பரப்பைத் தந்துவிடுகிறது. தொட்டியின் கண்ணாடிச் சுவர்களும் தரையின் கூழாங்கற்களும் தாவர இலைகளும் கணக்கில் சேராமலே நிற்கின்றன. மிதமாக மீன் வளர்க்கும் வீட்டில் பரப்புக் குறைவால் தொட்டி கெடுவது அரிது. பஞ்சு அடைத்து ஓட்டம் குன்றுவதாலும் உயிர்வளி போதாமையாலும் கெடுவதே பெரும்பான்மை.

இந்த அளவுகோலால் பார்க்கும்போது பஞ்சு என்னும் எளிய பொருளின் மதிப்பு உயர்கிறது. துளைகள் ஒன்றோடொன்று திறந்தவை. நீர் எல்லாப் புறமும் புகுந்து வெளியேறுகிறது. பிழிந்து கழுவ எளிது. பல ஆண்டுகள் உழைக்கும். நுண்ணிய பஞ்சு விரைவில் அடைபடும் என்பதால் உயிரியல் வேலைக்குக் கரடானதே ஏற்றது. செராமிக் வளையம் நல்ல ஊடகமே; வளையத்தின் ஓட்டை நீர் செல்ல வழிவிடுவதால் அழுக்கு எளிதில் தேங்குவதில்லை, கழுவினால் வடிவம் கெடுவதுமில்லை. நுரைக்கல் என்னும் எரிமலைக் கல் இலேசானது, கரடானது, எதனோடும் வினைபுரியாதது. கண்ணாடி உருண்டைகளின் ஆழத்தில் உயிர்வளியற்ற இடம் உண்டாகி அங்கே நைட்ரேட்டும் வாயுவாக மாறி வெளியேறும் என்று விளம்பரங்கள் கூறுவதுண்டு. அவ்வினைக்கு உயிர்வளியின்மையோடு கரிமச் சத்தும் அந்த ஆழத்தைச் சென்றடைய வேண்டும் என்பதால், வேகமாக நீர் ஓடும் கேனிஸ்டருக்குள் அதை நம்பி நீர் மாற்றுவதைக் குறைப்பது தகாது. பிளாஸ்டிக் பயோ பந்துகள் காற்றும் நீரும் கலந்து சொட்டும் திறந்த வடிகட்டிகளுக்காக உருவானவை, மூழ்கிய வாளிக்குள் அவை இடத்தை அடைத்துக்கொள்வதைத் தவிர அதிகம் செய்வதில்லை. நார்வே நாட்டில் 1980-களின் இறுதியில் கழிவுநீருக்காக உருவான சிறு சக்கர வடிவ பிளாஸ்டிக்கும் நீரில் புரண்டு சுழன்றால்தான் சிறக்கும். கரியும் சியோலைட்டும் உயிரியல் ஊடகங்கள் என்ற வரிசையிலேயே வாரா.

உள்ளூரில் கிடைக்கும் ஒரு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறலாம். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள காருக்குறிச்சி மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர். மெருகு பூசாத மண்பானை வெயிற்காலத்தில் வியர்ப்பதும் அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்வதும் அனைவரும் அறிந்தவை. சுட்ட களிமண்ணில் நுண்துளைகள் நிறைந்திருப்பதற்கு அதுவே சான்று. கடையில் விற்கும் செராமிக் வளையமும் அடிப்படையில் சுட்ட களிமண்ணே ஆகையால், நன்கு வெந்த உடைந்த பானை ஓட்டையோ பழைய நாட்டு ஓட்டையோ நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஏற்கெனவே கூறியபடி நுண்துளைகளால் பெரும்பயன் விளையாது. கரடான மேற்பரப்பும் வளைந்த வடிவமுமே இதன் நன்மை. தட்டையான ஓட்டுத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரோட்டத்தை மறித்துவிடும். பானையின் வளைந்த சில்லுகள் தமக்கிடையே இடைவெளி விட்டே நிற்கும். சரியாக வேகாத மண் நீரில் ஊறிக் குழையும் என்பதால் ஒரு வாரம் வாளி நீரில் போட்டு, விரலால் தேய்த்தால் சாயம் விடாததை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. வண்ணம் தீட்டியவையும் மெருகு பூசியவையும் கூடா, மெருகில் ஈயம் இருக்கக்கூடும். எண்ணெய் ஏறிய சமையல் சட்டியும் உதவாது.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றி முன்னர்க் கூறியது இவ்விடத்தில் திரும்பி வருகிறது. அம்மோனியாவை மாற்றும் வினையில் அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுமையாக மாறும்போது, சுண்ணாம்புக் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை செலவாகிறது. ஆற்று நீரைப் போன்ற மென்னீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் காரத்தன்மை இருப்பதாகக் கொண்டால், 200 லிட்டர் தொட்டியில் உள்ள மொத்தக் கையிருப்பு 8 கிராம். மேற்கண்ட தொட்டி நாளுக்கு 0.8 கிராம் வீதம் செலவழிப்பதால் நீரே மாற்றாமல் விட்டால் பத்தே நாட்களில் அது தீரும் நிலைக்கு வந்துவிடும். பிறகு பி.எச். சரிகிறது, 6.5-க்குக் கீழே பாக்டீரியாக்கள் தளர்கின்றன. ஊடகம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அம்மோனியா தேங்குகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் மணலோடு சுண்ணாம்புத் தூளைக் கலந்ததன் பொருள் இங்கே விளங்கும். ஆற்று நீர் வரும் வீட்டில் ஊடகக் கூடையின் மூலையில் ஒரு வலைப்பையில் சிறிது சுண்ணாம்புக்கல் ஜல்லியோ கழுவிக் காயவைத்த சிப்பி ஓடுகளோ வைப்பது இதற்குப் போதிய மருந்து. நீர் அமிலமாகும் அளவுக்கே அது கரையும். போர் நீர் கடினமாக உள்ள வீட்டில் இதைச் செய்யவே கூடாது, அங்கே பி.எச். ஏற்கெனவே உயர்ந்திருப்பதால் அம்மோனியா சிறிதளவும் தேங்காதபடி ஓட்டத்தைக் காப்பதும் மீன்களின் எண்ணிக்கையை அடக்கி வைப்பதுமே வழி. சிப்பிக்குப் பதிலாகப் பவளத்துண்டு நாடுவோர் உண்டு. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இடம்பெற்றுள்ளன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம், வாங்குவது அக்குற்றத்துக்குத் துணைபோவது.

வெப்பமும் மின்தடையும் இந்நிலத்தின் ஊடகத் தேர்வைத் தீர்மானிக்கும் மேலும் இரு காரணிகள். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் 9.1 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். நெல்லையின் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30 பாகையைத் தொடும்போது அது 7.6 மில்லிகிராமாகக் குறைகிறது, மீனின் தேவையோ அப்போதுதான் கூடுகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ 4.6 கிராம் உயிர்வளி செலவாகும். மோட்டார் ஓடும்வரை புது நீர் உயிர்வளியைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். கரண்ட் போய்விட்டால் மூடிய வாளிக்குள் நிற்கும் நான்கு லிட்டர் நீரில் இருப்பது 30 மில்லிகிராம் மட்டுமே. அம்மோனியா பாக்டீரியாக்கள் மணிக்கு 20 மில்லிகிராம் வீதமும், சேற்றை உண்ணும் பிற பாக்டீரியாக்கள் அதற்கு ஈடாகவோ மேலாகவோ உறிஞ்சினால், ஒரு மணி நேரத்துக்குள் வாளி மூச்சற்றுப் போகும். இறுக்கமாக அடைந்த, சேறு பிடித்த ஊடகத்தில் இது இன்னும் விரைவாக நிகழும். இடைவெளி விட்டு அடுக்கிய, தூய்மையான ஊடகத்தில் சற்றுத் தாமதமாகும். பல மணி நேரத் தடைக்குப் பின் மோட்டாரை அப்படியே ஓடவிட்டால், உள்ளே தேங்கி அழுகிய நீர் முழுவதும் ஒரே வீச்சில் தொட்டிக்குள் பாயும். வாளியைத் திறந்து முகர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் இருந்தால் அந்நீரைக் கொட்டிவிட்டு, ஊடகத்தைத் தொட்டி நீரில் அலசிய பிறகே இணைக்க வேண்டும். தடை நீளும் என்று முன்பே தெரிந்தால் கூடைகளை எடுத்துத் தொட்டி நீரிலேயே மூழ்க வைத்து, பேட்டரியில் இயங்கும் காற்றுக் குமிழ்க் கருவியை அருகில் விடுவது பாக்டீரியாவையும் மீனையும் ஒருசேரக் காக்கும்.

கழுவுதலிலும் அதே கவனம் தேவை. மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். நோய்க்கிருமியைக் கொல்வதற்காகச் சேர்க்கப்படும் அது நல்ல பாக்டீரியாவைத் தனித்து விட்டுவைக்காது. நீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரை வாளியில் பிடித்து, அதில் பஞ்சைப் பிழிந்து, வளையங்களை ஒருமுறை குலுக்கி எடுத்தால் போதும். வெள்ளை வெளேரென்று தேய்ப்பது வீட்டைக் காலி செய்வதற்கு ஒப்பாகும். ஊடகத்தை மாற்ற வேண்டியிருப்பின் பாதியை இப்போதும் மீதியைச் சில வாரங்கள் கழித்தும் மாற்றுவது முறை. புதுத் தொட்டி வைப்பவருக்கு, நோயற்ற பழைய தொட்டி ஒன்றின் பஞ்சைப் பிழிந்த அழுக்கு நீரைவிடச் சிறந்த பரிசு கிடையாது.

இந்த ஆற்றின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய கெண்டை இனம் ஒன்று உண்டு. டாக்கின்சியா தாம்பரபர்ணியை என்று இன்று வழங்கும் அதை 1950-களில் இ.ஜி.சைலஸ் என்னும் மீனியல் அறிஞர் விவரித்தார். தாமிரபரணிப் படுகையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் காணப்படாத அது, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிவரும் இனமாக இடம்பெற்றுள்ளது. ஆற்றில் பிடித்ததை வாங்காமல், தொட்டியில் இனப்பெருக்கம் செய்யப்பட்டதை மட்டுமே வளர்க்க வேண்டிய இந்த மீன், கூழாங்கற்களுக்கு மேல் விரைந்தோடும் உயிர்வளி மிக்க நீருக்குப் பழகியது. அதற்கான கேனிஸ்டரில் கீழ்க்கூடை முழுவதும் கரட்டுப் பஞ்சு, அதன்மேல் நெருக்கி அடைக்காத வளையங்களோ பானைச் சில்லுகளோ, ஆற்று நீராயின் ஒரு கைப்பிடிச் சிப்பி ஓடு, எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய வெண்பஞ்சு என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, மிச்சப்படும் பணத்தை ஒரு படி பெரிய மோட்டாருக்குச் செலவிட்டு, திரும்பி வரும் நீர் தொட்டியின் மேற்பரப்பை இடைவிடாது கலைக்கும்படி குழாயின் வாயைத் திருப்பி வைக்க வேண்டும்.